வெளியாருக்கு அனுமதி இல்லை என்று எழுதினேன்

புதிதாக நூலகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பட்டியல் தயாரிக்கவும், சந்தா புதுப்பிக்கவும், மென்பொருளை ஓட்டவும் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னிடம் இருப்பது ஓய்வு பெற்ற பிறகும் என்னை நிம்மதியாக உட்காரவிடாத ஒரு விஷயம். சாப்பிடும்போது வரும், சர்ச்சில் ஜெபத்தின் நடுவிலும் வரும். அதைச் சொன்னால் எனக்குக் குறையும் என்று நான் நம்பவில்லை. உங்களில் ஒருவராவது என்னைப் போல் நடந்துகொள்ளாமல் இருந்தால் போதும்.

வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு கணினி வந்தது. தொலைபேசி வழியாக இணைப்பு. இரைச்சலும் கீச்சலுமாக அது இணைவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. பல கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டின. பெயர் மட்டுமே கேள்விப்பட்டிருந்த இதழ்களெல்லாம் ஒரே நாளில் எங்கள் திரைக்கு வந்தன. வேதியியல் ஆசிரியர் ஒருவர் கணினியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கோ பயம். எங்கேயோ ஒரு கல்லூரியில் யாரோ நூற்றுக்கணக்கில் கட்டுரைகளை இறக்கியதால் மொத்த இணைப்பையும் துண்டித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. நம் இடத்தில் அப்படி நடந்துவிடக் கூடாது என்று நானே ஒரு அறிவிப்பு எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கணினி அறையின் கதவில் ஒட்டினேன். ‘மின்னிதழ்கள் இக்கல்லூரி மாணவர், ஆசிரியர் பயன்பாட்டுக்கு மட்டும். வெளியாருக்கு அனுமதி இல்லை.’ அத்தோடு ஒரு பதிவேடும் வைத்தேன். பெயர், ஊர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எதைப் பற்றித் தேடினீர்கள் என்று ஐந்து கட்டங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது நான்தான். யாரும் போடச் சொல்லவில்லை.

அந்தக் கதவருகே ஒரு நாள் காலையில் பர்வீன் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். தோளில் கைப்பை, கையில் பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்று.

“மேடம், நான் ஆம்பூர்லருந்து வர்றேன். ஷூ கம்பெனில முதலுதவி ரூம் நர்ஸ். ஒரே ஒரு ஆர்ட்டிகிள் படிக்கணும். அஞ்சு நிமிஷம் போதும்.”

“காலேஜ் கார்டு இருக்காம்மா?”

“கம்பெனி கார்டுதான் இருக்கு.”

நான் அறிவிப்பைக் காட்டினேன். அவர் அதைப் படித்தார். பிறகும் போகவில்லை.

“ஆம்பூர்ல பிரவுசிங் சென்டர்ல தேடிப் பாத்தேன் மேடம். தலைப்பும் ஒரு பத்தியும்தான் வருது. முழுசா வேணும்னா டாலர்ல கட்டணுமாம், கார்டு நம்பர் கேக்குது. எனக்கு எங்க இருக்குது அந்தக் கார்டு? உங்க காலேஜ்ல எல்லாமே ஃப்ரீயா வருதுன்னு சொன்னாங்க.”

“ரூல் அப்படிம்மா. நான் என்ன பண்ண முடியும்?”

“லேடீஸ் நாலு பேரு மேடம். எல்லாம் ஒரே செக்‌ஷன். கால்லருந்து செருப்பு கழண்டு போனாகூடத் தெரியலன்றாங்க. மரத்துப் போன மாதிரி இருக்குதாம்.”

“டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.”

“காட்டியாச்சு. சத்து மாத்திர குடுத்து அனுப்புறாங்க. இன்னா வேல செய்றீங்கன்னு ஒருத்தரும் கேக்கல.”

எனக்கு அன்றைக்கு ஆண்டிறுதி இருப்புச் சரிபார்ப்பு. மேசை நிறையப் புத்தகங்கள். “மன்னிச்சுக்கங்கம்மா” என்றேன். “பரவால்ல மேடம், தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் நன்றி சொன்னது அப்போது எனக்கு இயல்பாகத்தான் பட்டது. விதியைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு மறுபடி புத்தகங்களை எண்ண ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தார். இந்த முறை கதவருகே நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

“அமுலுன்னு ஒருத்தவங்க மேடம், மாதனூர் பக்கம். கம்பெனி பஸ் படியிலருந்து இறங்கறப்ப விழுந்துட்டாங்க. இப்ப கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியல. பாத்ரூம் போனா ரெண்டு பேரு தூக்கணும். இப்பவும் நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும். வேற எங்க போறதுன்னுதான் தெரியல.”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சென்னையில் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். விசேஷ அனுமதி கேட்கலாம் என்பது என் எண்ணம். எடுத்தவர் சின்னப் பையன் போலத்தான் பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

“அக்ரிமென்ட்ல இன்னா போட்டிருக்கு மேடம்?”

“வெளியாளுக்கு இல்லன்னு...”

“எந்தப் பக்கத்துல?”

எனக்குத் தெரியவில்லை.

“எடுத்துப் பாருங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்.”

பீரோவில் தேடினேன். ஒப்பந்தம் வந்த உறையிலேயே இருந்தது. ஸ்டேப்ளர் முள்கூடப் பிரிக்கவில்லை. இரண்டாவது பக்கத்தில், யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்ற பகுதியில், மாணவர், ஆசிரியர், ஊழியர் ஆகியோரைச் சொல்லிவிட்டு இன்னொரு வரி இருந்தது. நூலகத்துக்கு நேரில் வரும் எவரும் அங்குள்ள கணினியில் படிக்கலாம், சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் முதல்வரின் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்து.

போனில் அந்தக் குரல், “பெரும்பாலும் இருக்கும் மேடம். யாரும் படிக்கறதில்ல, அவ்ளோதான்” என்றது. குத்திக்காட்டும் தொனியே இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடத்தை என் மகன் வயதுள்ள ஒருவர் இரண்டு நிமிடத்தில் நடத்தி முடித்துவிட்டார். இன்று உங்கள் மேசைக்கும் இப்படி ஒப்பந்தங்கள் வரும். இழுத்துக்கொண்டு போகும் ஆங்கிலத்தில் இருக்கும். படியுங்கள். தடை எது என்பதைவிட அனுமதி எது என்று முதலில் தேடுங்கள். தடையை யாராவது வந்து உங்களுக்கு நினைவுபடுத்துவார்கள். அனுமதியை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

பர்வீனை அழைத்துப் போய்க் கணினி முன் உட்கார வைத்தேன். அந்த அறிவிப்பை அவர் எதிரில் கிழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டுரை முழுதாகத் திறந்தது. வேறொரு நாட்டில் காலணி செய்யும் பெண்கள், தோலை ஒட்டும் பசை, அதிலிருந்து எழும் ஹெக்ஸேன் என்ற கரைப்பானின் ஆவி, காலிலிருந்து மேலே ஏறும் மரத்துப்போதல். பர்வீன் நோட்டைத் திறந்தார். கம்பெனியில் ‘சொல்யூஷன்’ என்று சொல்லும் பசையின் டின்னில் ஒட்டியிருந்த தாளை எழுத்து எழுத்தாக அதில் எழுதி வைத்திருந்தார். திரையில் இருந்த அதே பெயர் நோட்டிலும் இருந்தது. அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது.

“மேடம், இங்க பாருங்க. ஆவி படுறத நிறுத்தின பின்னாடியும் கொஞ்ச மாசத்துக்கு ஜாஸ்தியாகுமாம். அப்புறந்தான் கொறையுமாம். இது தெரியலன்னா, வேலைய விட்டும் ஜாஸ்தியாகுதே, அப்ப சொல்யூஷன் காரணம் இல்லன்னு சொல்லிருப்பாங்க.”

பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது பதிவேட்டில் ஐந்து கட்டங்களையும் நிரப்பினார். கடைசிக் கட்டத்தில், ‘ஷூ பசை, கால் மரத்துப் போதல்’. நல்ல கையெழுத்து.

அந்தப் பிரதியை வைத்து நரம்பு வைத்தியர் ஒருவர் நான்கு பெண்களையும் திரும்பப் பரிசோதித்தார். பசை வேலையிலிருந்து உடனே விலக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெண்கள் நிர்வாகத்துக்கு மனு கொடுத்தபோது கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களையும் இணைத்தார்கள். பர்வீன் தன் பெயரை எங்கும் போடவில்லை. போட்டால் வேலை போகும்.

பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனியின் மேலாளர் ஒருவர் நூலகத்துக்கு வந்தார். மரியாதையான மனிதர். கையில் அந்த இரண்டு பக்கங்களின் ஜெராக்ஸ். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி தானாக அச்சாகியிருந்தது. எந்தக் கல்லூரியின் இணைப்பில், எந்த நாள், எத்தனை மணிக்கு இறக்கப்பட்டது என்ற வரி. பதிப்பகத்தின் ஏற்பாடு அது. எனக்கு அதுவரை கண்ணில் படவே இல்லை.

“இந்த டைம்ல உங்க கம்ப்யூட்டர்ல யார் உக்காந்திருந்தாங்கன்னு தெரியணும் மேடம். எங்க பொருள பத்தி வெளிய தப்பா பேச்சு கிளம்பினா எக்ஸ்போர்ட் ஆர்டரே போய்டும். ஆயிரம் குடும்பத்துக்கு சோறு போடுற கம்பெனி. ஒரு பேரு சொன்னா போதும்.”

பதிவேடு எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் திறந்து கிடந்தது. அவர் கையை நீட்டினால் எட்டும். நான்கு பக்கம் பின்னால் திருப்பினால் பர்வீன். ஒரு பொய் வாய்வரை வந்தது. எங்கள் மாணவி யாரோ பார்த்தாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அடுத்து எந்த மாணவி என்று கேட்பார். யாரோ ஒரு பெண்ணின் தலையில் போய் விடியும். யோசிக்கக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். பதிவேட்டை மூடி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“சொல்ல மாட்டேன் சார்” என்றேன்.

“பிரின்சிபால்கிட்ட பேசலாமா?”

“பேசுங்க. அவர் கேட்டாலும் இதுதான் பதில். கோர்ட்லருந்து ஆர்டர் வந்தா குடுக்கணும், குடுப்பேன். இங்க வந்து யார் எதப் படிச்சாங்கன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்ற இடமில்ல இது.”

அவர் எழுந்துவிட்டார். அப்போது எனக்கு அந்த ஜெராக்ஸ் கண்ணில் பட்டது. எட்டுப் பக்கக் கட்டுரையில் இரண்டே பக்கம்தான் அவரிடம் இருந்தது.

“சார், யார் படிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். எதப் படிச்சாங்கன்னு நீங்களும் படிக்கலாம். வாங்க.”

அவர் என்ன நினைத்தாரோ, வந்தார். பர்வீன் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் படித்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஃபேன் போட்டு காத்தோட்டம் குடுத்தா போதுமா மேடம், சொல்யூஷனையே மாத்தணுமா?”

“எனக்குத் தெரியாது சார். கடைசிப் பக்கத்துல இருக்கும் போல, பாருங்க.”

அவருக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். போகும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

முதல்வர் சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார். பேஜார் பிடித்த முகம். “ரூல்ஸ்படி நம்ம பக்கம் தப்பு ஒண்ணும் இல்லியே?” என்று மூன்று தரம் கேட்டார். ஒப்பந்தத்தின் இரண்டாவது பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். படித்துவிட்டு, “அப்ப கதவுல அந்த போர்டு எதுக்கு?” என்றார். போய்க் கழற்றினேன். பிளாஸ்டிக் உறையின் பசை கதவில் வெள்ளையாக நின்றுவிட்டது.

பதிவேட்டை என்ன செய்வது என்று இரண்டு நாள் அல்லாடினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னார் என் உதவியாளர். கை போகவில்லை. ஒருவர் கேட்டு வந்த பிறகு கிழிப்பது ஆதாரத்தை அழிப்பது. நாளைக்கு நீதிமன்றம் கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டி வரும். ஆனால் கேட்பதற்கு முன்பே, தேவையில்லாததை எழுதி வைக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா? எதைப் பற்றித் தேடினீர்கள் என்ற கட்டத்தால் எனக்கு ஒரு நாளும் ஒரு உபயோகமும் இருந்ததில்லை. பழைய பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். புதியதில் அந்தக் கட்டம் இல்லை, பெயரும் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று கோடு கிழிப்பதோடு சரி. இன்றைக்கு உங்கள் மென்பொருள் யார் எதை எடுத்தார்கள், எதைத் தேடினார்கள் என்று கேட்காமலே சேர்த்து வைக்கும். அதை நிறுத்த முடியுமா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். யாராவது ஜெராக்ஸோடு வந்து நிற்கும் நாளில் கேட்டால் பிரயோஜனம் இல்லை.

பர்வீனைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். முடியாது. அந்தக் கம்பெனியில் ஆங்கிலக் கட்டுரையைத் தேடிப் படிக்கக்கூடிய நர்ஸ் அவர் ஒருவர்தான். கண்டுபிடிக்க என் பதிவேடு தேவைப்படவே இல்லை. யாரும் எதுவும் கேட்காமல், அவரைத் தொலைவில் இருந்த வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அவர் வேலையை விட்டார். இரண்டு மாதம் கழித்து பசை செக்‌ஷனில் வேறு டின்கள் வந்தன, சுவரில் பெரிய ஃபேன்கள் பொருத்தினார்கள். எதற்காக என்று யாரும் சொல்லவில்லை. மேலாளர் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்ததுதான் காரணமா என்பது எனக்குத் தெரியாது.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்ததைச் சொல்ல பர்வீன் வந்தார். அன்றைக்குத்தான் நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“நீங்க மொத தடவ வந்தப்பவே உங்கள உள்ள விட்டிருக்கலாம் பர்வீன். ரூல்ல அப்படி இல்ல. நான் படிக்காமலே எழுதி ஒட்டின போர்டு அது.”

அவர் என்னைத் திட்டவில்லை.

“அந்த மூணு வாரத்துல, விழுற நாள் வரைக்கும் அமுலு தெனம் வேலைக்கு போய்ட்டு வந்தாங்க மேடம்” என்றார். பிறகு, “இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அவங்ககிட்ட சொல்லுங்க.”

போகாமல் இருக்கக் காரணங்கள் தேடினேன். நிறையக் கிடைத்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் மாதனூர் பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகக் கூசி, அந்தக் கட்டுரையின் விஷயத்தை என் வார்த்தையில் தமிழில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டேன். பர்வீன் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார்.

அமுலு முப்பத்தைந்து வயதுக்காரர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பசை செக்‌ஷனின் மற்ற மூன்று பெண்களும் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் முதலில் அந்த அறிவிப்பு விஷயத்தைச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

அமுலு கேட்டார், “அப்ப நான் பஸ்ல விழறதுக்கு முன்னாடியே அந்தப் பேப்பரு உங்ககிட்ட இருந்துச்சா டீச்சர்?”

“இருந்தது.”

அவர் தன் பாதங்களைப் பார்த்தார். பர்வீன்கூட என் உதவிக்கு வரவில்லை. பிறகு அமுலு, “உக்காருங்க. இன்னா எழுதிருக்குதுன்னு படிங்க” என்றார்.

படித்தேன். பசையில் இருப்பது என்ன, அது எப்படி உள்ளே போகிறது, ஏன் காலில் ஆரம்பிக்கிறது, நிறுத்திய பிறகும் ஏன் கொஞ்ச நாள் அதிகமாகிறது. நடுநடுவே ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு பெண், “எனக்கு விரல்லயும் அப்படித்தான்” என்று கையை நீட்டிக் காட்டினார். கடைசி வரிக்கு வந்தேன். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் பலம் திரும்பிவிடும்.

“மீதிப் பேருக்கு?” என்றார் அமுலு.

நான் தாளை மடித்தேன்.

“பெரும்பாலானவங்கன்னா எல்லாருக்கும் இல்லதானே? மீதிப் பேருக்கு இன்னா ஆவும்னு போடலியா அதுல?”

போட்டிருந்தது. முற்றிய நிலையில் வந்தவர்களில் சிலருக்குப் பாதத்தில் பலவீனம் தங்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அமுலுவுக்கு வலிக்குமே என்று, முந்தைய நாள் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதும்போது நான்தான் அதை விட்டுவிட்டேன். கதவில் ஒட்டிய அறிவிப்பு பயத்தில் செய்தது. இது பரிவில் செய்தது. கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

“இருக்குதுங்க. நான் எழுதல” என்று சொல்லி, அந்த வரியைச் சொன்னேன்.

அமுலுவின் முகம் மாறவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அடுத்த வாரம் வர்றேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிவிட்டிருக்கேன்” என்றார் அமுலு. “பேக்கிங்ல போடறன்னாரு. எட்டு மணி நேரம் நிக்கிற வேல. கால் சரியாப் போய்டும்னு நெனச்சி சரின்னுட்டேன். இது தெரிஞ்சிருந்தா உக்காந்து செய்ற வேல குடுன்னு கேட்டிருப்பேனே. இத இல்ல டீச்சர் மொதல்ல சொல்லணும்?”

“ஆமா” என்றேன்.

“எழுதுங்க அதுல. நாளைக்கே எடுத்துனு போய் அவர்கிட்ட காட்டணும்.”

பையில் பேனாவைத் தேடி எடுத்து, கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன். அமுலு தாளை வாங்கி, எட்டாம் வகுப்புவரை படித்தவரின் நிதானத்தோடு, நான் கடைசியாக எழுதிய வரியை மட்டும் ஒவ்வொரு வார்த்தையாக எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பர்வீனிடம் கொடுத்தார்.